மூவாயிரம் சிறுபாலங்கள்

முதல் நாள், ஃபேர்பேங்க்ஸ்

அலாஸ்காவுக்கு வந்தவர்கள் கரடிப் படம் போடுவார்கள், இல்லையென்றால் ராத்திரி வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுகிற படம் போடுவார்கள். நான் வந்த நாலு நாளாக மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு சாலைத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் நெடுஞ்சாலைத் துறையில் குப்பை கொட்டியவன். ஓய்வு பெற்றும் புத்தி சாலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

சாலையின் பெயர் ஆம்ப்ளர் சாலை. இன்னும் போடவில்லை. போடலாமா கூடாதா என்பதுதான் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்த அறிக்கை. வடக்கே எண்ணெய் வயலுக்குப் போகும் டால்டன் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, புரூக்ஸ் மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தை ஒட்டியே மேற்கே 211 மைல் போய், ஆம்ப்ளர் சுரங்க வட்டாரத்தில் முடியும். அங்கே மண்ணுக்கடியில் செம்பு, துத்தநாகம், ஈயம், வெள்ளி, தங்கம் எல்லாம் இருக்கிறது. எடுத்தால் வெளியே கொண்டுவர வழியில்லை. 211 மைல் என்பது 340 கிலோமீட்டர். நமக்குச் சென்னையிலிருந்து சேலம். நடுவே திண்டிவனம், விழுப்புரம் எதுவும் கிடையாது. ஒரு டீக்கடை கிடையாது.

திட்டம் அலாஸ்கா மாநிலத்தின் தொழில் மேம்பாட்டு ஆணையத்துடையது. அனுமதி தரவேண்டியது முக்கியமாக மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம். 2020இல் சரி என்றார்கள். பழங்குடி ஊர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குப் போட, 2022இல் அரசே நீதிமன்றத்தில் போய், வேட்டையாடியும் மீன்பிடித்தும் பிழைக்கிற மக்களைப் பற்றிய ஆய்வில் ஓட்டை இருக்கிறது, திரும்பப் பார்க்கிறோம் என்றது. இரண்டாவது அறிக்கை வந்து, 2024 ஜூனில் வேண்டாம் என்று முடிவானது. 2025 ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே, அந்த முடிவைத் திரும்பப் பாருங்கள் என்று உத்தரவு. இப்போது ஆகஸ்ட் கடைசி. நம் ஊர் புறவழிச்சாலைக் கோப்புகளே தேவலை என்று சொல்லவைக்கிற கதை.

மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் உறைமண்ணைப் பற்றி, அதாவது வருடம் முழுக்க உறைந்தே கிடக்கிற மண்ணைப் பற்றி, ஆராய்ச்சி செய்கிறாள். சாயங்காலம் வந்து லேப்டாப்பை மூடிவிட்டு, “அப்பா, படிச்சது போதும். நாளைக்குக் காலையில் கிளம்பறோம். நேர்ல வந்து பாருங்க” என்றாள்.

இரண்டாம் நாள், கோல்ட்ஃபுட்

வாடகைக் கார்க்காரர்கள் பலரும் டால்டன் சாலைக்குப் போகக் கூடாது என்று எழுதியே வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் மகளுடைய துறை நண்பரின் பழைய பிக்கப் வண்டி. உபரி டயர் இரண்டு, பெட்ரோல் கேன், லாரிக்காரர்களோடு பேச ஒரு ரேடியோ. என் பங்குக்குப் புளிசாதம், தயிர்சாதம், மாவடு. ஃபேர்பேங்க்ஸைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே போன் செத்துவிட்டது. 84 மைல் போனதும் டால்டன் ஆரம்பம்.

இந்தச் சாலையை 1974இல் 154 நாளில் போட்டார்கள். குழாய்ப்பாதை போடுவதற்குச் சாமான் கொண்டுபோக ஒரு வண்டிப்பாதை, அவ்வளவுதான் அப்போது நோக்கம். பொதுமக்களுக்குக் கிடையாது. 1981இல் பாதித் தூரம் திறந்தார்கள். 1994 முடிவில் கடைசி வரை திறந்துவிட்டார்கள். இன்றைக்கு நானும் என் மாவடு டப்பாவும் அதில் போகிறோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆம்ப்ளர் சாலையும் பொதுமக்களுக்குத் திறக்காத சாலை, வாயிலில் கேட் போடுவோம், ஐம்பது வருடம் கழித்துப் பெயர்த்தெடுத்துவிடுவோம் என்றுதான் விண்ணப்பத்தில் இருக்கிறது. வெளியூர் வேட்டைக்காரர்கள் வரமாட்டார்கள் என்ற கணக்கெல்லாம் அந்தக் கேட்டை நம்பித்தான். நியாயமாகப் பார்த்தால் எதிர் உதாரணமும் உண்டு. மேற்கே ரெட் டாக் என்ற துத்தநாகச் சுரங்கத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் 52 மைல் சாலை 1989 முதல் ஓடுகிறது. இன்று வரை பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. ஆக, கேட் நிற்கவும் செய்யும், நிற்காமலும் போகும்.

பக்கத்திலேயே எண்ணெய்க் குழாய் கூட வருகிறது. தரைக்கு மேலே கால்களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு காலின் தலையிலும் இரண்டு உலோகக் குழல்கள், விசிறிவிசிறியாகத் தகடு வைத்து. உள்ளே அமோனியா. குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை வாங்கி மேலே கொண்டுவந்து காற்றில் விட்டுவிடும், மின்சாரமே இல்லாமல். மண் உருகாமல் இருந்தால்தான் கால் சாயாமல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றேன். எண்ணெய்க் குழாய்க்கு இவ்வளவு செலவு செய்யலாம். சாலைக்கு யாரும் செய்ய மாட்டார்கள். சாலைக்கு மேலே மேலே கிராவலைக் கொட்டி மேடாக்குவதுதான் வைத்தியம்.

யூகோன் பாலம், ஆர்க்டிக் வட்டப் பலகை, எல்லாம் வந்தது, படம் எடுத்தோம். பிராஸ்பெக்ட் கிரீக் என்ற இடத்தில் 1971இல் மைனஸ் 62 டிகிரி பதிவாகியிருக்கிறதாம். எனக்கு ஆகஸ்டிலேயே காது வலிக்கிறது.

மதியம் சாப்பிட ஓரங்கட்டிய இடத்தில் சாலையோரம் ஒரு ஸ்ப்ரூஸ் மரம். கைக்குட்டையால் அதன் ஊசியிலைகளைத் துடைத்தேன். சாம்பல் நிறத்தில் வந்தது. சுமை லாரி ஒன்று கடந்துபோனதும் புழுதி எழும்பி, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் காட்டுக்குள் போய் உட்கார்ந்தது. மகள் சொன்னாள்: சாலையை ஒட்டி இந்தப் புழுதி வசந்தத்தில் பனிமேல் படிந்து, கறுத்து, வெயிலை இழுத்து, பக்கத்துப் பனியை முன்னாலேயே உருக்கிவிடுகிறது, கீழே இருக்கும் பாசி இந்தச் சுண்ணாம்புப் புழுதி பிடிக்காமல் செத்துப்போகிறது, பாசிதான் உறைமண்ணுக்குப் போர்வை. அதாவது சாலை என்பது அந்தப் பத்து மீட்டர் அகலம் மட்டும் கிடையாது. ஆம்ப்ளர் சாலையில் நாளுக்கு 168 லாரி நடை வரை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தாதுப்பொடி ஏற்றிய லாரிகள். ரெட் டாக் சாலையோரப் பாசியில் ஈயமும் காட்மியமும் படிந்திருப்பதை தேசியப் பூங்காத் துறையினர் 2000 வாக்கில் கண்டுபிடித்த பிறகுதான், தார்ப்பாய் போட்ட லாரிகளுக்குப் பதில் கெட்டியான மூடி போட்ட லாரிகள் வந்தன.

161ஆவது மைல். இங்கேதான் பிரிய வேண்டும். ஒரு ஏரி, அதற்கப்பால் குட்டை மரக்காடு, அதற்கப்பால் மலை. ஒரு அளவுக்கல் கூட இல்லை. இருந்தும் இறங்கி, மேற்கே பார்த்து நின்று, அலைன்மென்ட்டைக் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

மூன்றாம் நாள், கோல்ட்ஃபுட்

கோல்ட்ஃபுட் என்பது லாரி நிறுத்தம், ஒரு சாப்பாட்டுக் கூடம், கன்டெய்னர் மாதிரி அறைகள், எதிரே அரசின் தகவல் மையம். காலையில் வடக்கே கிளம்பினோம். சுகக்பாக் மலையைத் தாண்டி 219ஆவது மைல். மகளுடைய பல்கலைக்கழகத்தினர் வருடக்கணக்காக அளக்கும் இடம்.

மலைச்சரிவிலிருந்து ஒரு நாக்கு கீழே தொங்குகிற மாதிரி. மண், பாறை, பனிக்கட்டி, மேலே வளர்ந்த மரங்கள், எல்லாம் மொத்தமாக உறைந்தபடியே நகர்கிறது. மேலே நிற்கும் மரங்கள் குடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. இதைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும், 2018இல் நெடுஞ்சாலையையே பெயர்த்துக் கீழே தள்ளிப் போட்டுவிட்டார்கள். பழைய தடம் இன்னும் தெரிகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் மலை சரிந்தால் மண்ணை அள்ளுவோம். மலை வந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. புரூக்ஸ் மலைத்தொடரில் இப்படிப்பட்ட நாக்குகள் இன்னும் நிறைய இருக்கின்றன. புதுச் சாலை போகப்போவது இதே மலைத்தொடரின் அடிவாரம்.

திரும்பி வரும்போதுதான் இன்றைய விஷயம். ஒரு பெயர் தெரியாத ஓடை. சாலைக்கடியில் நெளிதகட்டுக் குழாய், நாலடி விட்டம் இருக்கும். நான் எத்தனையோ ஹியூம் பைப் போட்டவன், சும்மா போக மனசு வரவில்லை. கைத்தடியை ஊன்றி இறங்கினேன். தண்ணீர் உள்ளே நுழையும் பக்கத்தில், பெரிய குழாய்க்குள்ளிருந்து இரண்டு விரல் தடிமனில் ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து, ஒரு கம்பத்தைப் பிடித்து என் தலைக்கு மேலே ஏறி, மூடி போட்டு நிற்கிறது.

“இது என்ன, தண்ணி கனெக்‌ஷனா?”

மகள் சிரித்தாள். “ஆவி விடறதுக்குப்பா.”

குளிர்காலத்தில் ஓடைத்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வழிந்து, உறைந்து, அதன்மேல் வழிந்து, திரும்ப உறைந்து, குழாயை முழுக்க அடைத்துவிடும். மே மாதம் மலையில் பனி உருகி வெள்ளம் வரும்போது குழாய் மட்டும் கட்டியாக அடைத்துக்கிடக்கும். தண்ணீர் சாலைமேல் ஏறும், சாலை போய்விடும். அதனால் அதற்கு முன்னாலேயே கொதிகலன் வண்டியோடு ஆட்கள் வந்து, பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இந்த மூடியைக் கழற்றி ஆவி விட்டு, குழாய்க்குள் ஒரு துளை உருக்கித் தருவார்கள். ஓட்டை கிடைத்தால் தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கம்பம் என் தலைக்கு மேலே ஏன் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் பனி ஏறும்.

மறுபக்கம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வெளியே விழும் இடத்தில் அடிமண் அரித்து, குழாயின் வாய் அந்தரத்தில் தொங்குகிறது. கைத்தடியால் அளந்தேன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி. கீழே பள்ளத்தில் கிரேலிங் மீன்குஞ்சுகள், விரல் நீளம், எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு நிற்கின்றன. முதுகுத்துடுப்பு பாய்மரம் மாதிரி. மேலே ஏற வேண்டும், ஏற முடியாது. ஒரு குஞ்சு எம்பியது. குழாய்வாயில் மோதிக் கீழே விழுந்தது. திரும்ப எம்பியது. நான் பார்த்தவரைக்கும் ஏழு தடவை.

ஆம்ப்ளர் சாலைக்கு இப்படிப்பட்ட குழாய்ச் சிறுபாலங்கள் சுமார் மூவாயிரம் வேண்டும். இது தவிரப் பெரிய ஆறுகள் பதினொன்றுக்குப் பாலம். மீன் ஏறிப்போக வழிவிடும்படி குழாய் வைக்க வேண்டும் என்று அறிக்கையில் நிபந்தனை இருக்கிறது. நல்ல நிபந்தனைதான். வைக்கிற அன்றைக்கு இந்தக் குழாயும் மட்டமாகத்தான் வைத்திருப்பார்கள்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டேன். எல்லாக் குழாய்க்கும் ஆவி தேவைப்படாது, பாதிக்கு என்றே வைப்போம், 1,500. ஒரு கேங் ஒரு நாளில் ஐந்து குழாய் பார்த்தால் 300 நாள் வேலை. வெள்ளத்துக்கு முன் கையில் இருப்பது ஒரு மாதம். பத்து கேங், பத்து கொதிகலன் வண்டி, ஆட்களுக்குக் கேம்ப், எரிபொருள். வருடா வருடம், ஐம்பது வருடம். செம்பு விலை விழுந்து சுரங்கத்தை மூடிவைத்த வருடத்திலும்தான். சுரங்கம் நின்றால் ஓடை நிற்காது. இது என்னுடைய நாப்கின் கணக்கு, அறிக்கைக் கணக்கு இல்லை. எஸ்டிமேட் போட்ட கை, சும்மா இருக்காது.

நான்காம் நாள், பெட்டில்ஸ்

கோல்ட்ஃபுட்டிலிருந்து சிறிய விமானம், அரை மணிக்குள் பெட்டில்ஸ். சாலை இல்லாத ஊர். குளிர்காலத்தில் மட்டும் பனிமேல் ஒரு தடம் போட்டு டால்டனிலிருந்து லாரியில் சாமான் கொண்டுவருகிறார்கள், சில வாரம்தான். வசிப்பவர்கள் ஒரு தெருவுக்குக் கூடத் தேற மாட்டார்கள். பக்கத்தில் எவன்ஸ்வில், பழங்குடிக் கிராமம்.

மத்தியானம் மிதவை விமானத்தில் மேற்கே. எவ்வளவு கொடுத்தாள் என்று மகள் சொல்லவில்லை, “பிறந்தநாள் பரிசு, பேசாம ஏறுங்க” என்றாள். என் பிறந்தநாள் தையில் வருகிறது.

கீழே இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. மலைச்சரிவெல்லாம் குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பு. நான் மடியில் வரைபடத்தை விரித்து, ஆறுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஜான் ஆறு. அலட்னா. இரண்டும் வடக்கேயிருந்து வளைந்து வளைந்து வந்து தெற்கே கோயுகுக் ஆற்றில் சேருகின்றன. சாலை கிழக்கிலிருந்து மேற்கே போகும். வரைபடத்தில் பார்க்கும்போது புரியாதது மேலேயிருந்து புரிந்தது: இந்த நிலத்தில் தண்ணீர் முழுக்க வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது, சாலை அத்தனையையும் குறுக்கே வெட்டப்போகிறது. ஆறு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சரிவு முழுக்கத் தலைவாரிய மாதிரிக் கோடு கோடாக ஈரம் இறங்குகிறது. ஓடை என்று பெயர் வைக்க முடியாத, பாசிக்கு அடியில் கசிந்துகொண்டே போகிற தண்ணீர். அதற்கெல்லாம் எங்கே குழாய் வைப்பது? மேட்டின் வடக்குப் பக்கம் தேங்கும், தெற்குப் பக்கம் காயும். தேங்கிய தண்ணீர் உறைமண்ணை உருக்கும். மூவாயிரம் என்ற எண் பெரிதாகத் தெரிந்தது நேற்று வரைக்கும். இன்றைக்குக் குறைவோ என்று படுகிறது.

ஓரிடத்தில் மகள் என் தோளைத் தட்டி வலதுபக்கம் காட்டினாள். பளிங்கு மாதிரி இருக்கும் ஓடைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் துருப்பிடித்த ஆரஞ்சு நிறம். சுரங்கம் எதுவும் இல்லை, மனிதன் கால் வைக்காத இடம். உறைமண் உருகி, அதுவரை காற்றுப் படாமல் கிடந்த கந்தகத் தாதுப் பாறையில் தண்ணீர் பட்டு, அமிலமும் இரும்பும் இறங்குகிறது. புரூக்ஸ் மலைத்தொடரில் இப்படி நிறம் மாறிய ஓடைகள் 75 என்று 2024இல் ஒரு ஆய்வு வெளியானது. தாக்கத்தை அளப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. முன்பு எப்படி இருந்தது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டுதானே பின்பு என்ன கெட்டது என்று அளக்க வேண்டும்? அந்தக் கோடே நகர்ந்துகொண்டிருக்கிறது. நாளைக்குச் சாலைக்கு வெட்டிய பாறையிலிருந்து ஆரஞ்சுத் தண்ணீர் வந்தால், அது தானாக வந்தது என்று சொல்லிவிட முடியும்.

வாக்கர் ஏரியில் இறங்கினோம். இதற்குத் தெற்கேதான், தேசியப் பூங்காவோடு ஒட்டிய காப்பு நிலத்தின் வழியாக, சாலையின் 26 மைல். அந்தத் துண்டின் சட்டக்கதை விசித்திரம். 1980இல் இந்தப் பூங்காவை உண்டாக்கிய சட்டத்திலேயே, சுரங்க வட்டாரத்துக்கு ஒரு சாலை கேட்டால் இதன் வழியே கொடுத்தாக வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். அதனால் அங்கே கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. இந்த 26 மைல் வடக்கு வழியா, 18 மைல் போகிற தெற்கு வழியா என்பது மட்டும்தான். மிச்ச நிலத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, இந்த நிலத்துக்குத் தனியாக ஒரு ஆய்வு. ஒரே சாலைக்கு இரண்டு ஜாதகம்.

ஏரிக்கரையில் முழங்கால் உயரப் புதரில் ப்ளூபெர்ரி. பறித்துத் தின்றுகொண்டே கையால் பாசியை விலக்கினேன். ஒரு சாண், இரண்டு சாண், ஈரப் பஞ்சு மாதிரி. அதற்குக் கீழே விரல் பட்டதும் சில்லென்று கல். கல் இல்லை, உறைந்த மண். ஆகஸ்டிலும். பாசியைத் திரும்ப இழுத்து மூடிவிட்டேன். மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல, ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், பெட்டில்ஸ்

காலையிலிருந்து மழை. விமானம் இல்லை.

தங்குமிடத்துக் கூடத்தில் எங்களைப் போலவே மாட்டிக்கொண்ட ஒரு பாட்டி. ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவர், ஃபேர்பேங்க்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். நான் சாலை போட்டவன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மகள் கொடுத்த ஏலக்காய் டீக்குப் பிறகுதான் பேச்சு வந்தது. கரிபூ மான் வராத குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். கடைக் கறி விமானத்தில் வருகிறது, விலை கேட்கக் கூடாது. சாலை வேண்டாம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய தங்கை மகன் அந்தப் பக்கம் கோபுக் ஆற்று ஊரில் கல்யாணம் செய்திருக்கிறான். அவன் சாலை வேண்டும் என்கிறானாம். அந்த மேல்கோடி ஊர்களுக்கு டீசல் கூட விமானத்தில்தான் போகிறது, வேலை கிடையாது. போனில் அவனோடு இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்றார்.

கரிபூ விஷயத்தில் எண்கள் பேசுகின்றன. மேற்கு ஆர்க்டிக் கூட்டம் என்று ஒன்று. அது அலையும் நிலம் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு. 2003இல் 4,90,000 இருந்தது. 2023இல் 1,52,000. சாலையே போடாத காலத்தில் இந்த இறக்கம். வேட்டைக்கு ஆளுக்கு வருடத்துக்கு 15தான், அதில் பெண் மான் ஒன்றுதான் என்று மேற்கே கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். ரெட் டாக் சாலையில் கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்ததில், மான்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சாலையைக் கடக்கத் தயங்கிச் சராசரியாக 33 நாள் தாமதித்தன. கடந்துபோகத்தானே செய்கின்றன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆற்றங்கரையில் செப்டம்பரில் காத்திருப்பவன் வீட்டுக்கு அக்டோபர் கடைசியில் வந்த மான் எதற்கு? அதற்குள் ஆறு உறையத் தொடங்கிப் படகும் போகாது, பனிவண்டியும் போகாது. 30க்கும் மேற்பட்ட ஊர்களின் சாப்பாட்டுக்குப் பாதிப்பு வரும் என்று 2024 முடிவில் சொன்னது இந்த மாதிரிச் சின்னக் கணக்குகளைக் கூட்டித்தான்.

கிராவல் பற்றியும் கேட்டேன், தொழில் ஆசை. மேற்குக் கோடியில் சரளையிலேயே இயற்கையாக ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறது. ஆம்ப்ளர் ஊரின் கிராவல் குவாரியிலேயே இருந்தது. சாலை முழுக்க உள்ளூர் கிராவல்தான் போட வேண்டும், 340 கிலோமீட்டருக்கு வெளியிலிருந்து யார் கொண்டுவருவது? அப்புறம் அந்தப் புழுதி.

மழை விடவில்லை. மேல்கூரையில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தபோது, 1991 ஐப்பசி ஞாபகம் வந்தது. அப்போது நான் ஜூனியர் இன்ஜினியர். ஒரு மலைக்கிராமத்துக்குச் சாலை. பிள்ளைத்தாச்சிகளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய ஊர். சாலை போட்ட எங்களுக்கு ஆரத்தி எடுத்தார்கள். ஒரு வளைவில் மூன்று மீட்டர் பாலம் வைக்க வேண்டிய இடத்தில், எஸ்டிமேட்டில் குறைக்கச் சொன்னதால் 600 மில்லிமீட்டர் குழாய் ஒன்று வைத்தேன். கையெழுத்து என்னுடையது. முதல் மழையிலேயே மரக்கட்டை வந்து அடைத்து, சாலை அணையாகிவிட்டது. மேற்பக்கம் நாலு ஏக்கர் சாமை மூழ்கியது. நான் போய் நின்றபோது வயல்காரப் பெரியவர் கோபமே படவில்லை. “ரோடு கேட்டோம் சாமி, ஏரி கேக்கல” என்றார்.

அந்தக் குழாயைத் தூர்வார ஒரு சாலைப்பணியாளர் இருந்தார். ஒவ்வொரு மழைக்கு முன்னும் கடப்பாரையோடு போய்க் குத்திவிடுவார். அவர் ஓய்வுபெற்றதும் அந்த இடம் நிரப்பப்படவில்லை. சாலையைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். நான் எந்த அறிக்கையிலும் தேடுவது அந்த ஆளைத்தான்.

ஆறாம் நாள், ஃபேர்பேங்க்ஸ்

காலையில் வெயில். விமானம், பிறகு கார், பஞ்சர் ஒன்று, மிச்சம் இருந்த மாவடு. தெற்கே திரும்புமுன் வண்டியைக் கொஞ்சம் வடக்கே விடச் சொல்லி, அந்தப் பெயர் தெரியாத ஓடையில் திரும்ப நிறுத்தச் சொன்னேன். மழைத்தண்ணீர் ஏறியிருந்ததால் குழாய்வாய் மட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கிரேலிங் குஞ்சுகளைக் காணோம். ஏறிவிட்டனவா, அடித்துக்கொண்டு போய்விட்டனவா என்று தெரியவில்லை. ஏறியிருக்கும் என்று மகள் சொன்னாள். அவள் எனக்காகச் சொன்னாளா என்றும் தெரியவில்லை.

பிற்சேர்க்கை, நவம்பர் 2025, சேலம்

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. அக்டோபர் 6ஆம் தேதி அதிபர், மாநில ஆணையத்தின் மேல்முறையீட்டை ஏற்று, அனுமதிகளைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். கூடவே அந்தச் சுரங்கத் திட்டத்தில் பங்குள்ள ட்ரிலஜி மெட்டல்ஸ் நிறுவனத்தில் 3.56 கோடி டாலர் போட்டு 10 சதவீதப் பங்கும் அமெரிக்க அரசு வாங்குகிறது. அனுமதி கொடுப்பவரே பங்குதாரர். இன்னும் நில உரிமை, வழக்கு, பணம் எல்லாம் பாக்கி இருக்கிறது. டோயோன் என்ற பழங்குடி நிறுவனம் தன் நிலத்தில் நுழையக் கொடுத்திருந்த ஒப்பந்தத்தை 2024லேயே முடித்துக்கொண்டுவிட்டது.

மகள் 219ஆவது மைலுக்கு அளவெடுக்கப் போனவள், போகிற வழியில் அந்த ஓடையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். எங்கும் வெள்ளை. நெளிதகட்டுக் குழாயின் வாய் பாதிக்கு மேல் மூடிவிட்டது. ஆவிக்குழாயின் மூடி மட்டும் கம்பத்தின் உச்சியில், பனிக்கு ஐந்தடி மேலே. இன்னும் குளிர்காலம் ஆரம்பிக்கவே இல்லை என்று கீழே எழுதியிருக்கிறாள்.